ஒன்பது மணி நேரப் பொட்டலம்

எனக்கு ஊர் மன்னார்குடி. விவசாய மோட்டார் பம்ப் விற்பது, மோட்டாருக்குள் செம்புக் கம்பிச் சுற்று (காயில்) கட்டுவது, ஆழ்துளைக் கிணற்றில் மாட்டிய மோட்டாரைத் தூக்கி ரிப்பேர் பார்ப்பது, இதுதான் இருபத்திரண்டு வருஷப் பிழைப்பு. 2025 ஏப்ரல் 28, திங்கள்கிழமை, ஒரு பம்ப் கம்பெனியோடு டீலர்ஷிப் பேசி முடிக்கக் கோயம்புத்தூர் போனேன். மூன்றே நாள் வேலை. போன இடத்தில் நாக்கை அவிழ்த்துவிட்டு, நடுராத்திரியில் லாட்ஜ் அறையில் தனியாகச் சுருண்டு கிடந்து, டீலர்ஷிப்பைக் கோட்டைவிட்டு, ஆஸ்பத்திரிக்கும் அழுதுவிட்டு வந்தேன். முன்னாடியே யாராவது ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அப்போது தோன்றியது. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம். எதற்கும் நான் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்து செம்மொழி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராத்திரி ஏறினால் தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு, திருப்பூர் எல்லாம் தூக்கத்தில் போய்விடும். விடியும் முன்னால் கோயம்புத்தூர் ஜங்ஷன். நான் எங்கே தூங்கினேன்? பக்கத்து பெர்த்தில் ஒரு கைக்குழந்தை. அதைக் குறை சொல்ல முடியாது, எனக்கும் உள்ளுக்குள் பரபரப்பு. காந்திபுரம் பக்கம் ஒரு நாளைக்கு 1,400 ரூபாய் வாடகையில் ஒரு அறை. அதிகாலையில் போய் நின்றாலும் முகம் சுளிக்காமல் சாவியைக் கொடுத்தார் ரிசப்ஷனில் இருந்த தம்பி. கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். "வாங்ண்ணா, குளிச்சுப்போட்டு வாங்க, நல்ல காப்பி எங்க கெடைக்கும்னு நாஞ் சொல்றேனுங்" என்றார். என் வீழ்ச்சி அங்கே ஆரம்பித்தது என்று விளையாட்டாகச் சொல்வேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு கர்வம் உண்டு. நெல்லும் வெற்றிலையும் டிகிரி காப்பியும் நம்முடையது, மேற்கே என்ன இருக்கிறது என்று நினைப்போம். அந்தக் கர்வம் திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்குள் கரைந்துவிட்டது. நெய் ரோஸ்டுக்குச் சாம்பாரை ஊற்று ஊற்று என்று ஊற்றுகிறார்கள், கேட்கக் கூட வேண்டாம். பதினொரு மணிக்கு ரோட்டோர வண்டியில் கம்மங்கூழ், தொட்டுக்க மோர் மிளகாயும் மாங்காய்த் துண்டும். மதியம் ஒரு மெஸ்ஸில் பச்சைப்பயறு கடைசல், அப்புறம் செலவு ரசம். செலவு என்றால் அங்கே மசாலாச் சாமான். நானோ பணச் செலவு என்று நினைத்து, "இதுக்குத் தனியா எவ்வளவு?" என்று கேட்டுவிட்டேன். பரிமாறிய அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்து மேசை வரைக்கும் போனது. சாயந்தரம் வண்டியில் காளான். பெயர்தான் காளான், முக்கால்வாசி முட்டைக்கோஸ். கோஸைப் பொடியாக நறுக்கி மாவில் பிசறிப் பொரித்து, பெரிய தோசைக்கல்லில் மசாலாக் குழம்போடு கொத்திக் கொத்தி, மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி ஒரு சின்னத் தட்டில் தருவார்கள். ஒரு தட்டோடு நிறுத்துபவன் மனிதனே இல்லை.

இதில் எதுவும் என்னைக் கெடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கே ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். ராத்திரி தூக்கம் கிடையாது, பகல் முழுக்க வெயிலில் பட்டறை பட்டறையாக அலைச்சல், குடித்த தண்ணீர் குறைவு, சாப்பாடு மட்டும் வீட்டில் சாப்பிடுவதைப் போல இரண்டு பங்கு. ஊரில் ஒருநாள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டால் மறுநாள் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொள்கிற ஆள் நான். வெளியூர் போனால் மட்டும் வயிறும் லீவு எடுத்துக்கொண்டு வந்திருப்பதாக ஒரு நினைப்பு. இருக்கிறதே மூன்று நாள், அதற்குள் எல்லாவற்றையும் ருசி பார்த்துவிட வேண்டும் என்று கைப்பேசியில் பட்டியல் வேறு போட்டிருந்தேன். பள்ளிபாளையம் சிக்கனைப் புதன்கிழமை மதியத்துக்கு, ஒப்பந்தம் முடிந்த சந்தோஷத்தில் சாப்பிட என்று ஒதுக்கி வைத்திருந்தேன். சின்ன வெங்காயம், விதை எடுத்த வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான், மசாலாப் பொடியே கிடையாது என்று பையன் கைகளை விரித்து விரித்துச் சொல்லியிருந்தார். இன்றுவரை நான் அதை அங்கே சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சந்தகை. நம் இடியாப்பத்துக்குத் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் செய்முறை வேறு. புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து, இட்லி மாதிரி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிகிறார்கள். மாவைப் பிழிந்து வேகவைப்பது நாம், வேகவைத்துப் பிழிவது அவர்கள். தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றி ஒரு தட்டு, புளி சேர்த்துத் தாளித்தது ஒரு தட்டு. மதியம் ஒன்றே காலுக்கு, முதல் நாள் சாப்பிட்ட அதே மெஸ்ஸில் அரிசிம்பருப்பு. அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாகப் போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், தக்காளி, மஞ்சள் சேர்த்துக் குழைய வேகவைத்த சாதம். சுடச்சுட இலையில் விழுந்ததும் நடுவில் குழி பறித்து நெய் விட்டார்கள். பக்கத்தில் அப்பளம், தயிர். பார்த்தால் ஏழைச் சாப்பாடு மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் பேச்சு நின்றுவிடும். இரண்டு தடவை வாங்கினேன். எழுந்திருக்கும்போது ஒரு கணக்குப் போட்டேன். மூன்று மணிக்கு ஊருக்குள்ளேயே கணபதி என்கிற பகுதியில் கம்பெனிக்காரரோடு பேச்சு, முடிய ராத்திரி ஆகும், அப்புறம் எந்த மெஸ் திறந்திருக்கப் போகிறது? "ஒண்ணு பார்சல் கட்டிடுங்கம்மா" என்றேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "இப்பவே சாப்புடறதுக்குங்ளா, பொழுதோட சாப்புடறதுக்குங்ளா?" என்று கேட்டார். பொழுதோட என்றால் அங்கே சாயந்தரம். நான் கவனிக்காமல், "கட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கேள்வியை நான் பல ராத்திரி நினைத்துப் பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டியதை அவர் கேட்டார்.

வாழையிலை, அதன் மேல் செய்தித்தாள், வெள்ளை நூல். அறை மேசையில் வைத்தபோது மணி ஒன்றேமுக்கால். கதவுப் பக்கத்துப் பெட்டியிலிருந்து சாவி அட்டையை உருவினேன், ஏசி நின்றது. சித்திரை வெயில், மேற்குப் பார்த்த ஜன்னல். கிளம்பிப் போய்விட்டேன்.

கணபதியில் நல்ல மாதிரிதான் நடந்தது. பம்பைக் கழற்றிக் காட்டினார்கள், செம்புக் கம்பியின் கனத்தை நானே மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன், வாரண்டி மோட்டார் திரும்பி வந்தால் லாரிக் கூலி யார் தலையில் என்று அரைமணி நேரம் மல்லுக்கட்டினோம். நடுவில் தேங்காய் பன்னும் டீயும். முதலாளி அறுபதைத் தாண்டியவர், பேச்சில் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் முடியாது. "நாளைக்கு அட்சய திருதியைங்க. மதியம் ரெண்டு மணி வரைக்கும் திதி இருக்குது, பன்னெண்டுக்கு ராகு காலம். நீங்க பத்தரைக்கு வந்துருங்க, அட்வான்ஸைக் குடுத்துப்போட்டுக் கையெழுத்தைப் போட்டுருலாமுங்க. அடுத்த நாள் மே ஒண்ணு, கம்பெனி லீவுங்க" என்றார். இரண்டு லட்சம் அட்வான்ஸ், திருவாரூர் மாவட்டம் முழுக்க எனக்கு. வெளியே வரும்போது மணி எட்டரை. சந்தோஷத்தில் காந்திபுரத்தில் இறங்கி மறுபடி ஒரு தட்டு காளான். அறைக்குப் போய்க் குளித்து, வீட்டுக்குப் போன் பேசி, கணக்கு எழுதி முடித்தபோது பத்தே முக்கால். பொட்டலம் மேசையில் இருந்தது.

பசி இல்லை. உண்மையைச் சொல்கிறேன், பசியே இல்லை. ஐம்பது ரூபாய்ச் சாப்பாடு வீணாகப் போகிறதே என்பது ஒன்று, நாளைக்கு அப்புறம் இது கிடைக்காதே என்பது இன்னொன்று. நூலைப் பிரித்தேன். இலை கறுத்து, உள்பக்கம் வியர்த்திருந்தது. சாதம் இறுகிக் கட்டியாக இருந்தது, விரலால் உடைத்தபோது உள்ளே இன்னும் வெதுவெதுப்பு. 'அட, ஒன்பது மணி நேரம் ஆகியும் சூடு போகவில்லையே, என்ன பக்குவமாகக் கட்டியிருக்கிறார்கள்' என்று மெச்சிக்கொண்டேன். முகர்ந்தும் பார்த்தேன். ஊசிய வாடை இல்லை, நூல் விடவில்லை, புளிப்பும் இல்லை. நெய்யும் பூண்டும் மணந்தன. முழுசையும் சாப்பிட்டேன்.

இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. வாயெல்லாம் எச்சில் ஊறியது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டேன். பழக்க தோஷம், தனி அறையில் யாரிடமிருந்து ஒளிகிறேன்? அப்புறம் ஆரம்பித்தது. ஐந்து மணிக்குள் எட்டு தடவை வாந்தி. கடைசியில் வர ஒன்றுமில்லாமல் பச்சைப் பித்தம். நான்கு மணிக்கு மேல் வயிற்றாலும் போனது. ஒரு தடவை எழுந்திருக்கும்போது கண் இருட்டி, சுவரில் தோள் இடித்துத் தரையில் உட்கார்ந்தேன். அந்த ஓடு ஜில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. கதவு உள்பக்கம் தாழ், மயக்கம் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வெளியூரில் வயிறு சரியில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது, எந்தத் தாழ்ப்பாளையும் போடாமல் இருப்பது. அறைக் கதவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பையைப் பூட்டி வைத்துவிட்டால் போதும்.

இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் நான் யாரையும் கூப்பிடவில்லை. கீழே ஒரு பையன் இருக்கிறார், மேசையில் இன்டர்காம் இருக்கிறது, ஒன்பதை அழுத்தினால் போதும். கூப்பிடவில்லை. ஐம்பது வயசு ஆள், தின்றுவிட்டு வாந்தி எடுக்கிறேன் என்று எப்படிச் சொல்வது என்று வெட்கம். வீட்டம்மாவுக்குப் போன் போட்டால் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி அவர் என்ன செய்வார், அழுவார், அப்புறம் திட்டுவார். முதலாளிக்குச் சொன்னால், 'சாப்பாட்டு ராமனுக்கா மாவட்டத்தைத் தூக்கிக் கொடுப்பது' என்று நினைப்பார். இப்படி ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். விடிந்தால் சரியாகிவிடும் என்று குழாய்த் தண்ணீரைக் கை நிறையப் பிடித்துக் குடித்தேன், குடித்த வேகத்தில் திரும்பி வந்தது. சார்ஜில் போட மறந்த கைப்பேசி எப்போது அணைந்தது என்றே தெரியாது. அந்த நான்கு மணி நேரத்தை மட்டும் யாராவது திருப்பிக் கொடுத்தால் மிச்ச நஷ்டம் எதுவும் வேண்டாம் என்பேன். ஆஸ்பத்திரிச் செலவு, போன டீலர்ஷிப், எல்லாம் அந்த நான்கு மணி நேரத்தில்தான் நடந்தது. வாந்தி இரண்டாவது தடவை வந்தபோதே கீழே சொல்லியிருந்தால் பத்தரைக்குத் தளர்ந்துபோயாவது கணபதிக்குப் போய் நின்றிருப்பேன்.

ஆறு மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். பையன் பார்த்த பார்வையிலேயே என் கோலம் தெரிந்தது. "ஏனுங்ண்ணா, ஒரு ரிங் குடுத்திருந்தா நான் வந்திருப்பனுங்களே" என்றார். "அந்தக் காளான் வண்டிதாம்ப்பா, அவன் என்னத்தைப் போட்டானோ" என்றேன். வேறு யோசனையே இல்லை, ரோட்டோரம், திறந்த தட்டு, ராத்திரி நேரம். முந்தின வாரம்தான் பச்சை முட்டை மயோனைசுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வருஷம் தடை என்று செய்தி வந்திருந்தது. நாம் மயோனைஸ் பக்கம் போகவில்லை, ஆனாலும் வண்டிக் கடைதானே என்று மனசு அங்கேயே போனது. பையன் ஓடிப்போய் மருந்துக் கடையில் ஒரு அட்டைப் பெட்டிப் பானம் வாங்கிவந்தார். மேலே கொட்டை எழுத்தில் ஓ.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்தும் ஆப்பிள் படமும். குடித்தால் வெல்லப்பாகு மாதிரி இனிப்பு. வயிற்றுப்போக்கு இன்னும் கூடியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது நிறையப் பேருக்குத் தெரியாது. உண்மையான ஓ.ஆர்.எஸ். என்பது உலக சுகாதார அமைப்பு சொன்ன அளவில் உப்பும் குளுக்கோசும் கலந்த பொடி. பெரிய பாக்கெட்டைப் பிரித்து ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் மொத்தமாகக் கலக்க வேண்டும். தம்ளரில் பாதி, பாட்டிலில் பாதி என்று கலக்கக் கூடாது. கண்ணீர் அளவுக்கு உப்புக் கரிக்கும். பாகு மாதிரி இனித்தால் சந்தேகப்படுங்கள். சர்க்கரை அதிகமான பானம் பேதியைக் கூட்டும். அதே வருஷம் அக்டோபரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், அந்த அளவுக்கு உட்படாத பானங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடவே கூடாது என்று உத்தரவு போட்டது. எனக்கு ஆறு மாதம் தாமதம். பொடி கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மடக் மடக்கென்று குடிக்காமல், வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, ஒவ்வொரு ஸ்பூனாக. இப்போது என் பையில் நான்கு பாக்கெட் எப்போதும் கிடக்கிறது, எடை ஒன்றும் பெரிதில்லை.

ஏழரைக்கு ஆட்டோவில் ஏற்றி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார் பையன். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவர். பிரஷர் 90க்கு 60. வழக்கமாக மாத்திரை போட்டு 130இல் நிற்கிற ஆள் நான். அறையிலிருந்து கிளம்பும்போது கடமை தவறாமல் அந்தக் காலை மாத்திரையையும் விழுங்கியிருந்தேன். அதைச் சொன்னதும் அங்கே இருந்த டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. உடம்பில் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது பிரஷர் மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ நாமாகப் போடவும் கூடாது, நாமாக நிறுத்தவும் கூடாது, முதலில் ஒரு டாக்டரிடம் போனிலாவது கேட்க வேண்டும் என்றார். நான் போடும் மாத்திரையின் பெயரைக் கேட்டார். 'வெள்ளை, வட்டமா இருக்கும்' என்றேன். உலகத்தில் பாதி மாத்திரை அப்படித்தான் இருக்கிறது. இப்போது சீட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், ஒரு நகல் பர்சிலும்.

இரண்டு பாட்டில் ஏறியதும் கண் தெளிந்தது. டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விசாரித்தார். 'காளான் வண்டி' என்று நான் தீர்ப்பே எழுதிவிட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாந்தி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அதற்கு முந்தின ஒரு நாளில் எத்தனை மணிக்கு என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். பொட்டலத்துக்கு வந்ததும் பேனா நின்றது. "எத்தனை மணிக்கு வாங்கினது? ஃப்ரிட்ஜ்ல வெச்சீங்களா?" ஃப்ரிட்ஜ் ஏது. "திறக்கும்போது சூடா இருந்துச்சா, ஆறியிருந்துச்சா?" வெதுவெதுப்பா இருந்துச்சு டாக்டர் என்று நான் ஏதோ மெஸ்ஸுக்கு நற்சான்று கொடுப்பதுபோலச் சொன்னேன். அவர் சிரித்தார்.

சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி இருக்கிறதாம். வயலிலிருந்தே அரிசியோடு வரும். அதன் வித்து கொதிநீரிலும் சாகாது. சோறு சூடாக இருக்கிறவரை அடங்கிக் கிடக்கும், குளிர்ந்துவிட்டாலும் சோம்பிக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருந்தால் பெருகி நஞ்சைக் கக்கி வைக்கும். அந்த நஞ்சுக்கு வாடையும் கிடையாது, சுவையும் கிடையாது. மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. சாப்பிட்டு ஒரு மணியிலிருந்து ஆறு மணிக்குள் வாந்தி. எனக்குச் சரியாக மூன்றேகால் மணி. சோதனை பண்ணாமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வண்டிக்காரரை விட்டுவிட்டு உங்கள் அறை மேசையைப் பாருங்கள் என்றார். சமைத்த சாப்பாடு வெளியே இரண்டு மணி நேரம், இந்த வெயிலில் ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். காளான் கண்முன்னே கொதித்துத் தட்டில் விழுந்தது. மெஸ் சாதமும் ஆவி பறக்க வந்தது. கொலைகாரன் நான் கட்டிக்கொண்டு போய் ஒன்பது மணி நேரம் வெயிலில் வளர்த்த பொட்டலம். கடைசியாகச் சாப்பிட்டதையோ, பார்க்க அழுக்காக இருந்ததையோ குற்றம் சொல்வது நம் சுபாவம். வெளியூரில் என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு என்று கைப்பேசியில் ஒரு வரி எழுதி வைத்தால், டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆஸ்பத்திரி பில் 5,640 ரூபாய். கைப்பேசி செத்துக் கிடந்ததால் ஜிபேயும் செத்தது, சட்டைப்பையில் 2,300தான் ரொக்கம். மிச்சத்தைப் பையன் தன் கணக்கிலிருந்து கட்டினார். மூன்று மணிக்கு அறைக்கு வந்து சார்ஜில் போட்டால், வரிசையாகத் தவறிய அழைப்புகள், கம்பெனியிலிருந்து ஏழு, வீட்டிலிருந்து பதினொன்று. முதலில் வீட்டுக்கு. திட்டு வாங்கினேன், அது கணக்கில் இல்லை. அப்புறம் முதலாளிக்கு. முழுக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "வெடியால ஒரு போன் பண்ணியிருந்தா நானே காரை எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பனுங்களே. அட்வான்ஸை அப்பறம் வாங்கிக்கிட்டாலும் பேருக்கு ஒரு ரூவா வாங்கி நல்ல நேரத்துல எழுதியிருக்கலாமுங்க. பதினொண்ணரை வரைக்கும் பாத்தமுங்க, நீங்க போனை அணைச்சுப்போட்டீங்கன்னு நெனச்சுட்டமுங்க" என்றார். கும்பகோணத்துக்காரர் ஒருவர் ஏற்கனவே கேட்டுக்கொண்டிருந்தாராம். பன்னிரண்டுக்குள் அவருக்கு முடித்துவிட்டார்கள். எனக்கு அவருக்குக் கீழே சப் டீலர். யாரைக் குறை சொல்வது? நான் பயந்த ஆளே எனக்கு உதவ இருந்திருக்கிறார்.

ரயிலும் போனது. அங்கிருந்து திரும்புகிற வண்டி நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும், அதனால் புதன்கிழமை ராத்திரிக்கான டிக்கெட்டில் வியாழக்கிழமை தேதி இருக்கும். இதில் ஏமாந்து ஒரு நாள் தள்ளி ஸ்டேஷனுக்குப் போனவர்களை எனக்கே தெரியும், தேதியைப் பார்த்துப் போடுங்கள். என் கதை அதுவல்ல, கால் நிற்கவில்லை. இன்னொரு நாள் அறை வாடகை 1,400. மே ஒன்று விடுமுறை, ஊர் அமைதியாக இருந்தது. பையன் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சியும், சீரகம் மட்டும் போட்ட ரசமும் கொண்டுவந்தார். அவர் அம்மா ஒரு சீட்டில், 'வெதுவெதுப்பா இருந்தா குடிக்க வேண்டாம்னு சொல்லு, சுட வெச்சுக் குடு' என்று எழுதி அனுப்பியிருந்தார். வீட்டில் என் கதை பரவியிருக்கிறது.

ஊருக்கு வந்து கணக்குப் பார்த்தேன். ஆஸ்பத்திரி, மருந்து, அறை, டிக்கெட் எல்லாம் சேர்ந்து எட்டாயிரத்துக்குப் பக்கம். அது வலிக்கவில்லை. ஜூன் 12 மேட்டூர் திறப்பு, குறுவை, எங்களுக்கு மோட்டார் ஓடுகிற காலமே அதுதான். அந்தப் பருவத்தில் 41 செட் விற்றேன், ஒரு செட் சராசரி 24,000. நேரடி டீலருக்கும் சப் டீலருக்கும் நடுவே நான்கு சதவீதம். கிட்டத்தட்ட நாற்பதாயிரம், ஒரு பருவத்துக்கு மட்டும். பெருக்கிப் பார்க்கும்போது கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டேன்.

ஆவணியில் மறுபடி போனேன், சப் டீலர் வேலையாகத்தான். இப்போது என் முறை வேறு. புது ஊர்ச் சாப்பாட்டைக் காலையும் மதியமும் பார்த்துக்கொள்கிறேன், ராத்திரிக்கு இரண்டு இட்லி. முக்கியமான பேச்சு இருந்தால் அதற்கு முந்தின நாள் புதிதாக எதையும் தொடுவதில்லை, கொண்டாட்டம் எல்லாம் கையெழுத்துக்குப் பிறகு. களி, கொள்ளு மாதிரி கனமானது வேலை முடிந்த நாளைக்கு. போய் இறங்கியதும் ரிசப்ஷனில் ஒரு நம்பரும், அந்த ஊர்க்காரர் ஒருவர் நம்பரும் தாளில் எழுதிப் பர்சில் வைக்கிறேன். பார்சல் கட்டுவதே இல்லை, ஒரேயொரு தடவை ரயிலுக்கு இட்லி வாங்கினேன், ஏறிய அரைமணியில் சாப்பிட்டுவிட்டேன்.

அதே லாட்ஜ், அதே பையன். கடனை மே மாதமே அனுப்பிவிட்டேன், நேரில் மன்னார்குடி வெண்ணெய் முறுக்கு ஒரு டப்பா கொடுத்தேன். சாயந்தரம், "வா தம்பி, ஒரு காளான் சாப்பிட்டு வருவோம்" என்றேன். அவர் தயங்கினார். "இல்லீங்ண்ணா, நீங்க அன்னிக்குச் சொன்னதுலருந்து நான் அந்தப் பக்கமே போறதில்லீங். ரூம்ல தங்கறவங்க கேட்டாலும் வேண்டாம்னுதான் சொல்லிட்டிருக்கறனுங்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னபோது இவர் மருந்து வாங்க வெளியே போயிருந்தார். நானும் அப்புறம் சொல்லவே இல்லை. நான்கு மாதம் ஒரு மனிதனின் வியாபாரத்தை, அவருக்கே தெரியாமல், லாட்ஜ் வாசலில் உட்கார்ந்து கெடுத்திருக்கிறோம். நடந்ததை அங்கேயே நின்று முழுக்கச் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் போனோம். கல்லில் மசாலா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் கரண்டியை நிறுத்தாமல் பையனைப் பார்த்து, "என்ன கண்ணு, ஆளையே காணம்?" என்றார். பையன் என்னைப் பார்த்தார். "ரெண்டு தட்டு போடுங்கண்ணா" என்றேன் நான்.